எழுத்தைப் படித்தான், பொருளைப் படித்தானா?

‘மிட்டான் செங்கடுவைப் பொலுக்கினான்.’

அகராதியைப் புரட்டவேண்டாம், தோழர்களே! இந்த வாக்கியத்துக்குப் பொருளே கிடையாது, நாம் இட்டுக்கட்டியது. ஆனால் கேள்வி கேட்கிறோம், பதில் சொல்லுங்கள். மிட்டான் எதைப் பொலுக்கினான்? ‘செங்கடுவை’ என்கிறீர்கள். பொலுக்கியது யார்? ‘மிட்டான்’ என்கிறீர்கள். இரண்டுக்கும் முழு மதிப்பெண்! செங்கடு என்பது தின்பண்டமா தீவட்டியா, பொலுக்குவது வாயாலா கையாலா, எதுவும் தெரியாமலே நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டீர்கள்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் படித்ததைப் புரிந்துகொண்டார்களா என்று பார்க்கும் சோதனைகளில் பெரும்பகுதி இந்த இலட்சணத்தில்தான் நடக்கிறது. பாடத்தில் உள்ள வரியை எடுத்து, ஒரு சொல்லை உருவிவிட்டு, அந்த இடத்தில் ‘எது’, ‘யார்’, ‘எங்கே’ என்று செருகிக் கேட்கிறார்கள். பிள்ளையும் வரியைத் தேடுகிறான், கண்டுபிடிக்கிறான், உருவிய சொல்லைத் திருப்பித் தருகிறான். ஆசிரியர் சரி போடுகிறார். தகப்பனுக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் ஏதாவது நுழைந்ததா? அதைக் கேட்பார் இல்லை!

கேள்வி எப்படி இருக்கவேண்டும்? ‘மழை பெய்தது. முத்து குடையை எடுத்துப்போக மறந்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும் அம்மா துண்டை எடுத்து நீட்டினாள்.’ மூன்றே வரிகள். முத்து எதை மறந்தான் என்று கேட்டால் அது செங்கடுக் கேள்வி. அம்மா ஏன் துண்டை நீட்டினாள் என்று கேட்டுப் பாருங்கள். ‘நனைந்தான்’ என்ற சொல் அந்த மூன்று வரிகளிலும் இல்லை. பிள்ளை மூன்றையும் கோத்து, தன் வீட்டில் தான் நனைந்து வந்த நாளை நினைத்து, எழுதப்படாத நான்காவது வரியைத் தானே எழுதவேண்டும். அந்த நான்காவது வரிதான் படிப்பு. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் வாய் வேலை.

தமிழில் இந்த வாய் வேலை நம்மை அதிகமாகவே ஏமாற்றும். எழுத்துகள் 247 என்று கணக்குச் சொன்னாலும், அவற்றின் ஒலி பெரும்பாலும் நேராக வரும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்து ஊருக்கு ஒரு வேடம் போடும். தமிழில் அந்தத் தொல்லை குறைவு. கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, பொருள் தெரியாத பக்கத்தையும் மளமளவென்று படித்துவிடுவான். கேட்பவர் ‘கெட்டிக்காரன்’ என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்விடுவார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், செந்தமிழ்ப் பற்று மிக்க நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பிள்ளை வீட்டில் கேட்கும் தமிழ் ஒன்று, புத்தகத்தில் காணும் தமிழ் மற்றொன்று. அம்மா துணியைத் ‘தொவச்சுக் காயப்போட்டா’ள், புத்தகத்து அம்மா ‘துவைத்து உலர்த்தினாள்’. இரண்டும் ஒன்றே என்று யாராவது சொன்னால்தானே குழந்தைக்குத் தெரியும்? புத்தகமும் நாளேடும் புழங்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பாலம் பிறந்த வீட்டிலேயே போடப்பட்டிருக்கிறது. தறிக்காரன் மகளுக்கு, கொத்தனார் மகனுக்குப் பள்ளிக்கூடம்தான் போட்டுத் தரவேண்டும். ஆகவே ‘ஏன் துண்டை நீட்டினாள்?’ என்ற கேள்விக்கு, ‘அவந்தான் நனஞ்சுட்டானே!’ என்று பிள்ளை பேச்சுத் தமிழில் சொன்னால், அது முழுச் சரியான விடை. ‘வாக்கியமாகச் சொல்’ என்று அதட்டி அவன் வாயை அடைப்பவர், புரிந்துகொண்ட பிள்ளையைப் புரியாதவன் பட்டியலில் தள்ளுகிறார்.

பாடப்பகுதி எதைப் பற்றியது என்பதிலும் வர்க்கம் ஒளிந்திருக்கிறது! 1988-இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்துப் படிக்கச் செய்தார்கள். படிப்பில் மந்தம் என்று பெயர் வாங்கியிருந்தாலும் ஆட்டத்தை அறிந்த பிள்ளைகள், படிப்பில் சூரர்களாக இருந்தும் ஆட்டம் அறியாத பிள்ளைகளைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டு சொன்னார்கள். விமானப் பயணத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்துவிட்டு, நெசவாளியின் மகளுக்குப் புரியவில்லை என்று தீர்ப்பெழுதுகிறவர், பாவு ஓடுவதையும் ஊடை பாய்வதையும் பற்றி ஒரு பத்தி கொடுத்து, மாடி வீட்டுப் பிள்ளையையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கட்டுமே!

சரி, நிலைமை என்ன? 2005 முதல் ‘ஏசர்’ என்னும் கணக்கெடுப்பு நாட்டின் கிராமங்களில் வீடு வீடாக நடந்து வந்திருக்கிறது. எழுத்து, சொல், சிறு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை என்று படிப்படியாகக் கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே படிக்கச் சொல்கிறார்கள். 2024-இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் அந்த இரண்டாம் வகுப்புக் கதையைப் படித்தார்கள். 2018-இலும் ஏறத்தாழ பாதிதான். கொரோனா பள்ளிகளை மூடியபின் 2022-இல் அதுவும் சரிந்தது. தமிழ்நாட்டின் கணக்கு 2022-இலும் 2024-இலும் அகில இந்தியக் கணக்குக்குக் கீழே இருந்தது. இதைச் சொன்னால் நம் தோழர்களிலேயே சிலர் பாய்கிறார்கள்: ‘அது வடக்கத்தியான் கணக்கு! நம்மைச் சிறுமைப்படுத்தச் செய்த சூழ்ச்சி!’

அந்தக் கணக்கில் குறை உண்டு, மறுக்கவில்லை. அது முதன்மையாக வாய்விட்டுப் படிப்பதைப் பார்க்கிறதே தவிர, பொருள் உணர்ந்ததை ஆழமாக அளப்பதில்லை. ஆனால் குறை எந்தப் பக்கம் சாய்கிறது, எண்ணிப் பாருங்கள். வாயால் படிக்கவே பாதிப் பேருக்கு வரவில்லை என்றால், புரிந்து படிப்பவர் அதைவிடக் குறைவாக இருப்பாரா, கூடுதலாக இருப்பாரா? காய்ச்சல்மானியின் மேல் கோபித்துக்கொண்டால் காய்ச்சல் இறங்கிவிடுமா? 1953-இல் ஆச்சாரியார் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து, அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்ற அந்த ஏற்பாட்டை 1954-இல் குழிதோண்டிப் புதைக்க வைத்த இயக்கம், பள்ளியில் முழு நாளும் உட்கார்ந்த பிள்ளைக்குப் படிக்க வரவில்லை என்றால் பதறவேண்டாமா?

‘அப்படியானால் பரீட்சை வை, தேறாதவனை நிறுத்து’ என்று ஒரு கூட்டம் தயாராக நிற்கிறது. 2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று தமிழ்நாட்டில் ஆணையே பிறந்தது. எதிர்ப்பு கிளம்பி, 2020 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. பத்து வயதுக் குழந்தைக்குப் பொதுத் தேர்வு! அதில் தவறினால் யார் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி கிடைக்கும், யார் பிள்ளை பட்டறைக்குப் போகும் என்பதைத் தொழிலாளத் தோழர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இந்த வித்தையை வெள்ளைக்காரன் தன் நாட்டிலேயே செய்து பார்த்தான். 1862-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டத்திட்டம் வந்தது. இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் சொல்லுவார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம். நடந்தது என்ன? ஆசிரியர்கள் வாசகப் புத்தகத்தை ஆண்டு முழுவதும் உருப்போட வைத்தார்கள். படிக்கவே தெரியாத பிள்ளைகூடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பித்துத் தேறலாம் என்ற நிலை. அதைக் கண்டித்து எழுதியவர், அந்த இன்ஸ்பெக்டர்களில் ஒருவராகவே பணிபுரிந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்ட்! அதே பலனுக்கேற்ற மானிய முறை சென்னை மாகாணத்துக்கும் கப்பலேறி வந்தது. சோதனையின் முடிவோடு காசையோ தண்டனையையோ கட்டினால், சோதிக்கப்படுகிறவன் மட்டுமல்ல, சோதிக்கிறவனும் பொய் சொல்லக் கற்றுக்கொள்வான்.

ஆக, சோதனை வேண்டும், சல்லடை வேண்டாம். எது எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கும் சோதனை வேண்டும். எழுத்தில் தடுமாறுகிறவனுக்கு ஒரு மருந்து. எழுத்து வந்தும் சொற்பொருள் தெரியாதவனுக்கு வேறு மருந்து. சொல் தெரிந்தும் வரிகளைக் கோக்கத் தெரியாதவனுக்கு மற்றொன்று. 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவர் நிலைக்கேற்பக் கற்பிக்க ஏற்பாடு செய்ததும் இந்த நோக்கத்தில்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகள். ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி, நான்கு கேள்வி கேட்க ஐந்து நிமிடம் என்றால், அறுபது பேருக்கு ஐந்து மணி நேரம். ஒரு பள்ளி நாள் முடிந்தது! அதற்கு மேல் விவரங்களைக் கைப்பேசியில் ஏற்றவேண்டும். அலுத்துப்போன ஆசிரியர் எல்லாரையும் மொட்டு என்று பதிந்துவிட்டால் யாரைக் குறை சொல்வது? ஆசிரியர் எண்ணிக்கையைக் கூட்டாமல் சோதனையின் எண்ணிக்கையைக் கூட்டுவது, ஆளில்லாத வயலுக்கு அளவுகோல் அனுப்புவது போன்றதுதான்.

நம் படிப்பகங்களைத் தோழர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். அந்நாளில் முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் சூழ்ந்து கேட்பார்கள். படித்து முடித்ததும் கிளம்பும் விவாதம் இருக்கிறதே, ‘அவர் ஏன் அப்படிச் சொன்னார்?’, ‘இதற்கு உள்ளர்த்தம் என்ன?’, அதுதான் பொருள் உணரும் பயிற்சி. கையெழுத்துப் போடத் தெரியாதவரும் அதில் தேறினார். பெரியவர்களுக்குச் செய்த அந்த வேலையை, மாலையில் கால் மணி நேரம் தெருப் பிள்ளைகளுக்குச் செய்யக் கூடாதா? நாளேட்டுத் துணுக்கு ஒன்று போதும். பிள்ளை படிக்கட்டும், நீங்கள் ‘ஏன்’ என்று மட்டும் கேளுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அந்த நாற்காலிகளில் நம் தோழர்கள் பலர் இருக்கிறார்கள்; சுற்றுச்சுவரையும் குடிநீர்க் குழாயையும் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். அடுத்த கூட்டத்தில் இதையும் கேட்கட்டும்: என் மகள் எந்த நிலையில் இருக்கிறாள்? போன மாதம் எந்த நிலையில் இருந்தாள்? இடையில் அவளுக்காக என்ன செய்தீர்கள்? ஆசிரியர் கைவிரித்து ஆளில்லை என்று சொன்னால், அதையும் தீர்மானமாக எழுதி, கையெழுத்திட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள்.