இரட்டை எழுத்துக் காசு: ஆசை வேண்டாம், ஆராய்ச்சி வேண்டும்

எழுத்து இரட்டையாகத் தெரியும் காசுக்கு ஆயிரக்கணக்கில் விலை கிடைக்கும் என்று ஆசை காட்டுவோர் உண்டு. வணிகப் பெருமக்கள் இதில் நிதானம் காட்ட வேண்டும் என்பதே நமது கருத்து.

அமெரிக்காவில் 1955-ல் பிலடெல்பியா நாணயச் சாலையில் அடித்த ஒரு சென்ட் காசே இதற்குப் பேர்போன உதாரணம். மூல அச்சை ஒரு முறைக்கு மேல் அழுத்தியே காசு அடிக்கும் அச்சைத் தயாரிப்பது அன்றைய வழக்கம். ஓர் அழுத்தம் சற்று விலகியதால் ஆண்டும் எழுத்தும் இரட்டையாகப் பதிந்தன. 25 சென்ட் போட்டால், 23 சென்ட் சிகரெட் பெட்டியோடு மீதிச் சில்லறையும் தரும் இயந்திரங்கள் வழியே இவற்றில் பல வெளிவந்தன. இன்று ஒன்று ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது.

அதே ஆண்டில் தேய்ந்த அச்சில் அடித்த காசும் உண்டு. அதில் கடைசி 5 இரட்டைபோல் தெரியும். சேகரிப்போர் அதை 'ஏழையின் இரட்டை அச்சு' என்பர். விலையோ சொற்பம்.

வேறுபாடு இதுதான்: அசலில் இரு உருவமும் தெளிவாக, மேடாக நிற்கும், எழுத்து முனையில் பிளவு தெரியும். தேய்ந்த அச்சில் ஓரம் ஊதி மங்கலாகப் பரவும், பிளவு இராது. பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும்.

பழைய நாணய வியாபாரத்தில் தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்போரை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. எனவே முன்பணம் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை. பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே விலை பேசும் நாம், காசையும் பார்த்தே விலை பேசுவோம்.