இரும்புக்கை மாயாவியும் என் இரும்பு பீரோவும்

பி.காம். படித்தவனுக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்தான். வாங்கிய மறுநாளே விலை இறங்குவது ஒன்று, ஸ்கூட்டர் மாதிரி. வைத்திருக்க வைத்திருக்க விலை ஏறுவது இன்னொன்று, தங்கம் மாதிரி. இரண்டிலும் சேராமல் நடுவில் நின்று முழிப்பது காமிக்ஸ் புத்தகம். கடையில் வாங்கியது 100 ரூபாய். பழைய பேப்பர்காரர் தராசில் வைத்தால் 3 ரூபாய். அதையே தேடி அலைகிற ஆசாமியிடம் காட்டினால் அவர் எத்தனை சைபர் போடுவார் என்று அவருக்கே தெரியாது!

'புதுசா வர்றதுல எதை வாங்கி வைக்கலாம் சார்?' என்று பலர் கேட்கிறார்கள். பீரோவில் பாதியைப் புடவைகளிடமிருந்து பறித்து காமிக்ஸுக்குக் கொடுத்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். (பறித்த விவகாரம் இன்னும் வீட்டில் விசாரணையில் இருக்கிறது.)

முதலில் கொஞ்சம் பூர்வீகம். பட்டாசு, காலண்டர், தீப்பெட்டி இவற்றோடு சிவகாசி நமக்குக் கொடுத்த நாலாவது சமாசாரம் காமிக்ஸ். 1972-ல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு ஆரம்பித்தது. 1984-ல் லயன் காமிக்ஸ் மாடஸ்டியைத் துப்பாக்கியோடு இறக்கியது. அதே வருஷம் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ்பாண்டைக் கூட்டி வந்தது. பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிய காலம் அது. ராணி நின்று போய் வருஷங்கள் ஆகிவிட்டன. லயனும் முத்துவும் 2012-ல் புத்துயிர் எடுத்தன. சாணித்தாள் போய் ஆர்ட் பேப்பர், கறுப்பு வெள்ளை போய்ப் பளபளா கலர். பெட்டிக்கடைக் கயிறு மட்டும் திரும்பி வரவில்லை. இப்போது சந்தா கட்டினால் கூரியரில் வரும். இல்லையென்றால் புத்தகக் கண்காட்சியில் பிடிக்க வேண்டும்.

சரி, சரக்குக்கு வருவோம்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு என் முதல் சிபாரிசு லக்கி லூக். காரணம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் சித்திரக்கதையை 'பாந்த் தெசினே' என்பார்கள், சுருக்கமாக 'பேதே'. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஜீன்ஸ் பேன்ட் குவியலுக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் நடுவே, பிரான்சுக்குப் போய் வந்த குடும்பம் எதுவோ கழித்துக் கட்டிய பேதே ஒன்றிரண்டு கண்ணில் படும். ஒரிஜினலையும் தமிழையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பாக்கியம் வேறு எந்த ஊர்க்காரனுக்கு இருக்கிறது? 

பெல்ஜியத்துக்காரர் மோரிஸ் 1946-ல் வரைய ஆரம்பித்த கௌபாய் இவன். பிறகு ஆஸ்டெரிக்ஸ் புகழ் கோசினி கதை எழுத வந்ததும் களை கட்டிவிட்டது. சேகரிப்பவர்கள் கவனிக்க ஒரு நுணுக்கம்: பழைய கதைகளில் அண்ணாச்சி வாயில் சிகரெட் இருக்கும். 1983-ல் மோரிஸ் அதைப் பிடுங்கிவிட்டு ஒரு புல்லைக் கடிக்கக் கொடுத்தார். அதற்காக 1988-ல் உலக சுகாதார நிறுவனமே அவரைப் பாராட்டியது. ஆக, வாயைப் பார்த்தே வயசைச் சொல்லிவிடலாம்! உலக மகா மக்கு நாய் ரின்டின் கேன் வரும் கதை கிடைத்தால் விடாதீர்கள். தமிழில் படிக்கும்போது அந்தக் 'கேன்' நம் காதில் 'கேனை' என்று விழுவது தனி போனஸ்.

இரண்டாவது, டின்டின். எர்ஜே 1929-ல் உருவாக்கிய இந்த நிருபர் தமிழ் பேச தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நாம் பாஸ்போர்ட் ஆபீஸில் காத்திருந்ததெல்லாம் ஒரு காத்திருப்பா? லயன்-முத்து முதலில் எடுத்தது அவன் திபெத்துக்குப் போகும் கதை. நல்ல தேர்வு. 1960-ல் ஆல்பமாக வந்த இந்தக் கதையில் வில்லனே கிடையாது. விமான விபத்தில் செத்ததாக எல்லோரும் சொல்லும் நண்பன் சாங்கை, 'இல்லை, உயிரோடு இருக்கிறான்' என்று பனிமலையில் தேடிப் போகிறான், அவ்வளவுதான். சாங் கற்பனை இல்லை. எர்ஜேயின் சீன நண்பர் ஒருவரின் சாயல். பல வருஷம் தொடர்பு அறுந்துபோன அந்த நண்பரை எர்ஜே நேரில் மறுபடி பார்த்தது 1981-ல். இதைத் தெரிந்துகொண்டு கடைசிப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். கண்ணில் தூசி விழுந்தால் நான் பொறுப்பில்லை.

மூன்றாவது, கேப்டன் டைகர். பிரான்சில் 'புளூபெர்ரி' என்ற பெயரில் 1963-ல் பிறந்தவர். எழுதியது சார்லியே, வரைந்தது ஜிரோ. இதே ஜிரோதான் 'மோபியஸ்' என்ற பெயரில் 'ஏலியன்' படத்துக்கும் வரைந்து கொடுத்தவர். பல பாகங்களை ஒரே தொகுப்பாக்கி 2015-ல் வந்த 'மின்னும் மரணம்' கிடைத்தால், மாதச் சம்பளத்தில் அரிசி பருப்புக்கு ஒதுக்கியது போக மீதியைத் தைரியமாக நீட்டலாம். முகம் முழுக்க அழுக்கு, உடைந்த மூக்கு, ஏமாந்து போகிற ஹீரோ. நம்ம ஆள் மாதிரி இருக்கும்.

நாலாவது, மாயாவி மறுபதிப்புகள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும் ஆசாமி. 1962-ல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' பத்திரிகையில் தோன்றினார். ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிஷ் ஓவியர் கறுப்பு மசியில் செய்திருக்கும் நிழல் வேலைக்காகவே வாங்கலாம். முதல் பதிப்புதான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். கதை படிக்க மறுபதிப்பு போதும். 

ஐந்தாவது உள்ளூர்ச் சரக்கு. சென்னை நிலா காமிக்ஸ் வண்ணத்தில் கொண்டு வந்த 'பொன்னியின் செல்வன்'. வந்தியத்தேவன் எப்படி இருப்பான் என்று நாலு தலைமுறையாக நடக்கும் சண்டையில் இதுவும் ஒரு கட்சி. பாகம் பாகமாக வருவதால் நடுவில் ஒன்றை விட்டால் செட் ஒட்டை. முதலிலிருந்து வாங்குங்கள், இல்லாவிட்டால் கிட்டப் போகாதீர்கள்.

வாங்கியாயிற்று. காப்பாற்றுவது எப்படி?

கடற்கரை ஊரில் காமிக்ஸுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. நடுவில் அடித்த பின் துருப்பிடிக்கும். துரு தாளைத் தின்னும். பழைய புத்தகத்தில் பின்னை மெதுவாகக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் கூடவே கூடாது. பத்து வருஷத்தில் பழுப்புக் கோடாகி அது மட்டும் மிஞ்சும். மரக்கூழில் செய்த சாணித்தாள் வெயில் பட்டால் அப்பளமாகிவிடும். ஜன்னல் பக்கம் அடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு, புது ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலத்தை வீசாமல் அலமாரியில் போடுங்கள். பூச்சிக்கு வசம்பு. சுவடிகளுக்கு நம் பாட்டன்மார் வைத்தது, மாயாவிக்கு ஆகாதா?

ஆனால் பூச்சியைவிட, உப்பைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், நம்மூர் வழக்கில் சொல்தா. ஒரு அலமாரியில் பேதே, எதிர் அலமாரியில் முத்துவும் லயனும். ஒரு கசங்கல் கிடையாது. யாரையும் தொட விடமாட்டார். "கண்ணால பாருங்க தம்பி, கையை மட்டும் பின்னால கட்டிக்குங்க" என்பார். நானும் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கும் அதே சட்டம்.

அவர் காலமானார். பிள்ளைகள் பிரான்சிலிருந்து வந்தார்கள், பத்து நாள் லீவு. வீட்டைக் காலி செய்தார்கள். மூன்று வாரம் கழித்து சண்டே மார்க்கெட்டில் ஒரு முத்து காமிக்ஸைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்து. "எங்கிருந்துப்பா வந்தது?" என்றேன். "மூட்டையா வந்துது சார், கிலோ 12 ரூபான்னு எடுத்தோம். நனைஞ்சதைப் போட்டுட்டோம்."

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு தரமாவது படிக்கக் கொடுத்திருந்தால் அவர்களுக்கு அது மாயாவி. கொடுக்காததால் அது வெறும் காகிதம்.

ஆகவே சேகரிப்பவர்களுக்கு என் ஆறாவது சிபாரிசு ஒரு புத்தகம் அல்ல, ஒரு ஆள். உங்கள் அலமாரியில் எது எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று தெரிந்த பத்துப் பன்னிரண்டு வயசு ஆள் ஒருவராவது வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்க வேண்டும். விலை ஏறும் என்று ஒரே புத்தகத்தில் நாலு காப்பி வாங்கிப் பதுக்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: அதில் ஒன்றை அந்த ஆளுக்குக் கொடுங்கள். வாசகன் இல்லாத பொருளுக்கு மார்க்கெட்டும் கிடையாது. இது வணிகவியல் முதல் வருஷப் பாடம்.

போன வாரம் என் பெண்ணிடம் டால்டன் சகோதரர்கள் கதை ஒன்றைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது 14-ஆம் பக்கத்தில் முறுக்கு எண்ணெய். "ஏங்க, உங்க பொக்கிஷம் போச்சே!" என்று வீட்டில் ஒரே சந்தோஷம். அவளோ, "அப்பா, இதோட அடுத்தது இருக்கா?" என்றாள்.

எண்ணெய்க் கறையைத் தேய்மானக் கணக்கில் எழுதவில்லை. முதலீட்டில் சேர்த்துவிட்டேன்.