நல்ல ஜோசியர் வேண்டுமாம்!

"நல்ல ஜோசியராக யாராவது தெரியுமா, ஸார்?"

கதை எழுதுகிறவனிடம் வந்து கேட்கிற கேள்வியா இது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் கேட்கத்தான் கேட்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிறார்கள். ரயிலில் எதிரே உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்கள். என் நாவலைப் பற்றி நாலு வரி பாராட்டி எழுதிவிட்டு ஐந்தாவது வரியில் கேட்கிறவர்களும் உண்டு. நாலு ஊர் சுற்றியவன், பலரோடு பழகுகிறவன், தெரிந்திருக்கும் என்ற எண்ணம். கேட்கிறவர்கள் ஏமாளிகளும் அல்ல. அவர்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள்: "இந்தத் தொழிலில் முக்கால்வாசிப் பேர் பணம் பிடுங்கிகள் என்று எனக்குத் தெரியாதா, ஸார்? அதனால்தான் நம்பகமான ஒருவராகப் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்."

அந்த 'நம்பகமான' என்ற வார்த்தையோடுதான் இன்று எனக்குச் சண்டை. ஜோசியத்தை அடியோடு நம்புகிறவரோடு எனக்கு வழக்கில்லை. அறவே நம்பாதவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை. என் வழக்கெல்லாம் இரண்டுக்கும் நடுவே நிற்கிற கண்ணியமான மனிதரோடு. தெருவோரத்துக் கிளி ஜோசியரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, 'நல்ல' ஜோசியரைத் தேடி அடுத்த தெருவுக்குப் போகிறாரே, அவரோடு.

மளிகைக் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் ஹரிச்சந்திரனாகவே இருக்கட்டும். தராசு பழுதாக இருந்தால் அரிசி குறையத்தான் குறையும். அதனால்தான் சர்க்கார் கடைக்காரரிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பதில்லை. தராசைச் சோதித்து முத்திரை குத்துகிறது. ஜோசியர் விஷயத்தில் மட்டும் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். "மனிதர் தங்கம், பொய் சொல்லமாட்டார், கொடுத்ததை வாங்கிக்கொள்வார்" என்று ஆளை எடை போட்டுவிட்டுத் திருப்தியோடு போய் உட்காருகிறோம். அவர் கையில் இருக்கிற தராசு சரியா என்று கேட்பதில்லை.

அந்தத் தராசை யாரும் சோதிக்கவில்லையா? சோதித்திருக்கிறார்கள். 1985ஆம் வருஷம் 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் ஷான் கார்ல்ஸன் என்பவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். மேல்நாட்டு ஜோசியர்களிடம் ஒருவருடைய ஜாதகத்தைக் கொடுத்து, மூன்று பேருடைய குண வர்ணனைகளையும் கொடுத்து, இந்த ஜாதகத்துக்கு உரியது எது என்று கேட்டார்கள். சோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதில் ஜோசியர்களின் யோசனையும் கேட்கப்பட்டது. பாதிக்குக் குறையாமல் சரியாகச் சொல்வோம் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். சொன்னது மூன்றில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டிருந்தாலும் அவ்வளவு கிடைத்திருக்கும்.

"அது வெள்ளைக்காரர்களுடைய ஜோசியம். நம்முடையது ரிஷிகள் சொன்னது" என்பீர்கள். சரி, நம் ஊருக்கே வருவோம். வானியல் அறிஞர் ஜயந்த் நார்லீகரும் அவருடைய சகாக்களும் 2008இல் மகாராஷ்டிரத்தில் நடத்திய சோதனை இருக்கிறது. படிப்பில் கெட்டிக்காரக் குழந்தைகள் சிலர். மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகள் சிலர். ஜாதகத்தைப் பார்த்து, குழந்தை எந்த வகை என்று சொன்னால் போதும். நோய் எப்போது தீரும், வேலை எப்போது கிடைக்கும் என்றெல்லாம் கேட்கவில்லை. ஒரு ஜன்மத்தின் ஆகப் பெரிய விஷயம், இரண்டில் ஒன்று. 27 ஜோசியர்கள் ஆளுக்கு 40 ஜாதகம் பார்த்து விடை அனுப்பினார்கள். சராசரியாகச் சரியாக இருந்தது நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்தால் 50 கிடைக்கும்.

பந்தயம் கட்டியவர்களும் உண்டு. கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், அமானுஷ்ய சக்தியை ஏமாற்று இல்லாத சூழ்நிலையில் காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் காலமாகும்வரை அந்தப் பணத்தை ஜெயித்தவர் இல்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மாஜிக் நிபுணர் 1964இல் ஆயிரம் டாலரில் ஆரம்பித்த பந்தயம் பத்து லட்சம் டாலராக வளர்ந்தது. 2015இல் அதை முடித்துக்கொண்டபோது பணம் அப்படியே இருந்தது. பிறருடைய தனயோகத்தைக் கணித்துச் சொல்கிறவர்களில் ஒருவருக்குக்கூட அந்த யோகம் வாய்க்கவில்லை!

"இதெல்லாம் சரி, ஸார். ஆனால் அவர் என்னைப் பற்றிச் சொன்னது அப்படியே இருந்ததே!"

இருந்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் நாவல் ஒன்று வெளியானால், முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து கடிதம் வரும். "என் கதையை உங்களுக்கு யார் சொன்னார்கள்? என் மாமியார் பேசியதை அப்படியே எழுதியிருக்கிறீர்களே!" என்று கேட்டிருப்பார்கள். அந்த அம்மாளையும் எனக்குத் தெரியாது. அவருடைய மாமியாரையும் தெரியாது. மனிதர்கள் அவ்வளவாக வேறுபட்டவர்கள் அல்ல என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். வெளியே சிரித்துப் பேசினாலும் உள்ளே ஒரு கவலை அரித்துக்கொண்டிருக்கிறது; செய்த உதவியை மறந்துவிட்ட உறவினர் ஒருவர் இருக்கிறார்; தகுதிக்கு ஏற்ற இடம் கிடைக்கவில்லை என்ற குறை இருக்கிறது. இதை எழுதி ஆயிரம் வீட்டுக்கு அனுப்புங்கள். ஆயிரம் பேரும் தங்களைத்தான் சொன்னதாக நினைப்பார்கள்.

இது என் கற்பனை அல்ல. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்து, ஒவ்வொருவருடைய குணத்தையும் கணித்துத் தனித்தனியே தாளில் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் விஷயம் வெளிவந்தது. 39 தாளிலும் இருந்தது ஒரே வாசகம். அதுவும் கடையில் விற்கிற ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கியது!

"பொதுவாகச் சொன்னால் அப்படி. நாடி ஏட்டில் என் அப்பா பெயரே வந்ததே?" என்று அடுத்த கேள்வி வரும். வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய்வந்தவர்கள் ஆச்சரியத்தோடு சொல்வது இதைத்தான். ஏட்டைத் தேடுகிற முறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஓர் ஓலையை எடுத்து, "உடன்பிறந்தவர் இருவரா?" என்று கேட்கிறார்கள். "இல்லை" என்கிறீர்கள். அந்த ஓலை தள்ளுபடி. "தகப்பனார் பெயர் இன்ன எழுத்தில் ஆரம்பமா?" "ஆமாம்." இப்படியே போகிறது. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகள் பத்து இருந்தால் ஆயிரம் பேரில் ஒருவரைப் பிரித்துவிடலாம். இருபது இருந்தால் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் ஒருவரைப் பிரித்துவிடலாம். இது வெறும் பெருக்கல் கணக்கு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து நம் வாயால் கொடுத்ததைத்தான் கடைசியில் ராகத்தோடு திருப்பி வாங்கிக்கொண்டு கைகூப்புகிறோம்.

படித்த பெண்களும் பிள்ளைகளும் இப்போது ஓலைக்குப் போவதில்லை. டாரட் சீட்டுக்குப் போகிறார்கள். குளிரூட்டிய அறை, மெழுகுவர்த்தி, பட்டுத் துணி மேல் 78 சீட்டு. எகிப்து தேசத்துப் புராதன ரகசியம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வாஸ்தவத்தில் அது பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியில் பொழுதுபோக்காக ஆடிய சீட்டாட்டம். எகிப்திய ஞானம் அதில் ஒளிந்திருப்பதாக 1781இல் எழுதியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கும் வழி தெரிந்ததோ 1822இல்! இன்று பலரும் கையாளுகிற படங்கள் 1909இல் லண்டனில் அச்சானவை. கிளி எடுத்துக் கொடுக்கிற சீட்டுக்கும் இதற்கும் கட்டணத்தைத் தவிர என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. 1972ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி கிளியையாவது கூண்டிலிருந்து விடுவிக்க முடியும். எதிரே உட்கார்ந்திருக்கிற பட்டதாரியை விடுவிக்க ஒரு சட்டமும் இல்லை.

நேர்மையான ஜோசியருக்கு வருவோம். அப்படிப்பட்டவர்கள் உண்டு என்பதை நான் மறுக்கவே இல்லை. ரே ஹைமன் என்ற அமெரிக்கர் இளம் வயதில் கைரேகை பார்த்துச் சம்பாதித்தார். முதலில் நம்பிக்கையில்லாமல்தான் தொடங்கினார். வந்தவர்களெல்லாம் "எவ்வளவு சரியாகச் சொன்னீர்கள்!" என்று வியந்ததைக் கேட்டுக் கேட்டு, ரேகை சாஸ்திரம் உண்மை என்று அவரே நம்பிவிட்டார். இந்தக் கலையில் பழகிய நண்பர் ஒருவர், "ரேகை சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்லிப் பாரேன்" என்றார். ஹைமன் அப்படியே செய்தார். வந்தவர்கள் முன்போலவே வியந்தார்கள்! ஹைமன் ரேகையை விட்டுவிட்டு மனோதத்துவம் படித்துப் பேராசிரியரானார். நாம் தேடுகிற 'நல்ல ஜோசியர்', அந்த நண்பரைச் சந்திப்பதற்கு முந்திய ஹைமன்தான். மெய்யாக நம்புகிறார், பொய் சொல்லவில்லை, சொல்வதோ வெறும் காற்று.

கெட்டவரைவிட இந்த நல்லவரைக் கண்டுதான் எனக்கு அதிக பயம். ஏமாற்றுக்காரர் பரிகாரத்துக்கு ஐம்பதாயிரம் கேட்கும்போது நமக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நல்லவரிடம் வருவதில்லை. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் என்றார் ஒரு பெரியவர். தட்சிணை வாங்காதவர்; வெற்றிலை பாக்கோடு சரி. அவர்மேல் அந்த வீட்டுக்கு அவ்வளவு மரியாதை. நல்ல பையனாக ஒருவன் தானே விரும்பிப் பெண் கேட்டு வந்தான். "பொருந்தாது. பையன் உயிருக்கே ஆபத்து. இருபத்தெட்டு முடியட்டும்" என்றார் பெரியவர், கண் கலங்க. இருபத்தெட்டு முடிந்தது; முப்பத்தைந்தும் முடிந்தது. அந்தப் பெண் இன்று பள்ளிக்கூடத்து ஆசிரியை. தகப்பனார் காலமாகிவிட்டார். "அவர் எங்கள் நன்மைக்குத்தானே சொன்னார்" என்று தாயார் இன்னும் சொல்கிறாள். பெண் ஒன்றும் சொல்வதில்லை.

அந்தத் தோஷத்தின் கணக்கையும் பார்த்துவிடுங்கள். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம். மொத்தமே பன்னிரண்டு வீடு, அதில் ஐந்து. அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 42 பேர் தோஷக்காரர்கள்! சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணுகிறவர்கள் கணக்கில் பாதிக்கு மேல் போய்விடும். தேசத்தில் பாதிப் பேரை ஒதுக்கி வைத்தால் கல்யாணம் எப்படி நடக்கும்? ஆகையால் விலக்குகள் வைத்திருக்கிறார்கள். இன்ன ராசியானால் தோஷமில்லை, குரு பார்த்தால் தோஷமில்லை என்று நீண்ட பட்டியல். முடிவில் ஒரு பெண்ணின் வாழ்வு, எந்த விலக்கு எந்த ஜோசியருக்கு அன்று ஞாபகம் வந்தது என்பதில் நிற்கிறது.

பலிக்காவிட்டாலோ, அதற்கும் பதில் இருக்கிறது. 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடியபோது உலகம் அழியும் என்று தேசமெங்கும் நடுங்கினார்கள், யாகங்கள் செய்தார்கள். உலகம் அழியவில்லை. "யாகம் காப்பாற்றிவிட்டது" என்றார்கள். நடந்தால் ஜோசியத்துக்கு வெற்றி. நடக்காவிட்டால் பரிகாரத்துக்கு வெற்றி. இப்படி எந்தப் பக்கம் விழுந்தாலும் ஜெயிக்கிற ஆட்டத்தில் உண்மைக்கு என்ன வேலை?

"கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு ஓர் ஆறுதல் வேண்டாமா?" என்று கேட்பவர்களை நான் பழிக்கமாட்டேன். மகனுக்கு வேலை இல்லை, புருஷன் பேசுவதில்லை, டாக்டர் மூன்று நிமிஷத்துக்கு மேல் கேட்பதில்லை. ஜோசியர் அரை மணி நேரம் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் பாதிப் பேர் போகிறார்கள். அப்படியானால் குறை நம் வீட்டில் இருக்கிறது. அந்தத் தாயாரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வீட்டில் ஒருவருக்கும் நேரமில்லை. கேட்பது புண்ணியம்தான். கேட்டுவிட்டு, "இந்தப் பையன் வேண்டாம்", "ஆபரேஷனைத் தள்ளிப் போடு" என்று சொல்ல அவருக்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது?

இதற்குமேலும் நல்ல ஜோசியர் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு நான் விலாசம் தரத் தயார். மூன்று நிபந்தனைகள் மட்டும். நீங்கள் வாய் திறக்காமல் இருக்கும்போதே அவர் பலன் சொல்ல வேண்டும். நடக்கப் போவதைத் தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பலித்ததை எண்ணுவதுபோலவே பலிக்காததையும் உங்களோடு உட்கார்ந்து எண்ண வேண்டும். ரேஷன் கடைத் தராசுக்குச் செய்கிற சோதனையைவிட இது ஒன்றும் கடுமையானதல்ல. இதற்குச் சம்மதிக்கிற ஜோசியரை நீங்கள் கண்டுபிடித்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். அதுவரைக்கும், பெண் கேட்டு வந்திருக்கிற பையனைப் பற்றி உங்கள் பெண்ணிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்.