ஓசிச் சோத்துல உப்பு பத்தலையாம்!

போன வாரம் ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு இருக்கும்போது பாதுகாப்பு ஸ்கேனர் ரிப்போர்ட் ஒண்ணு வந்துச்சு மக்களே. லிப்எக்ஸ்எம்எல்2-ல ஓட்டையாம், சிவப்பு எழுத்துல. "ஓப்பன் சோர்ஸ் ஆளுங்களுக்குப் பொறுப்பே கிடையாது"ன்னு பக்கத்து சீட்டு நண்பர் ஆரம்பிச்சாரு. வந்துச்சே எனக்குக் கோபம்!

ஓட்டை என்னன்னு சொல்லிடறேன். 2025-ல வெளிவந்த சிவிஇ-2025-6021. எக்ஸ்எம்எல் முன்னொட்டையும் பேரையும் ஒட்டுற ஒரு ஃபங்ஷன், ரெண்டு நீளத்தையும் கூட்டி இடம் பத்துமான்னு பார்க்கும். கூட்டுத்தொகை 214 கோடியைத் தாண்டினா இண்டிஜர் கவிழ்ந்து மைனஸாயிடும். மைனஸ் எப்பவும் சின்னதுதானே? "தாராளமா இடமிருக்கு"ன்னு நம்பி, இல்லாத இடத்துல கொண்டுபோய்க் கொட்டும். தப்புதான், இல்லேங்கலை. ஆனா அதுக்கு ரெண்டு ஜிபி நீளத்துக்குப் பேர் வேணும். எங்க இன்வாய்ஸ்ல எவன்யா அப்படிப் பேர் வைக்கிறான்?

இந்த லைப்ரரி குரோம்ல இருக்கு, ஆப்பிள் சிஸ்டத்துல இருக்கு, பிஎச்பில இருக்கு. நீங்க வேர்ட்பிரஸ்ல எழுதுறவரா? அப்ப உங்க வீட்லயும் இருக்க வாய்ப்பு அதிகம். இத்தனைக்கும் 2025-ல இதைக் கட்டி மேய்ச்சது சம்பளமில்லாத ஒரே ஒரு தன்னார்வலர். வாராவாரம் பல மணி நேரம் மத்தவங்க அனுப்புற ஓட்டைப் புகாருக்கே போகுது, அதையும் கெடு தேதி வரைக்கும் ரகசியமா வச்சுக்கணும். ஜூன்ல மனுஷன் வெறுத்துப்போய்ச் சொல்லிட்டாரு: இனி ரகசியமும் கிடையாது கெடுவும் கிடையாது, பாதுகாப்பு ஓட்டையும் சாதாரண பிழை மாதிரிதான், நேரம் கிடைக்கும்போது பார்ப்பேன். அறிமுகக் குறிப்புலயே, இது பொழுதுபோக்கா எழுதினது, ஓட்டை நிறைய, நம்பமுடியாத கோப்புக்கு இதைப் பயன்படுத்துறது முட்டாள்தனம்னு எழுதி வச்சாரு. செப்டம்பர்ல பராமரிப்புப் பொறுப்புலேர்ந்தே விலகிட்டாரு.

"அப்ப பயனாளி கதி?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். கேக்க வேண்டிய இடம்தான் வேற. ரகசியம் காத்தா யாருக்கு லாபம்? அவகாசம் எடுத்து சாவகாசமா ஒட்டுப் போட்டுக்கிற பெரிய கம்பெனிகளுக்கு. ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறவங்க, அடைக்கவும் ஒரு ஆளை வைக்கட்டுமே!

மேனேஜர்கிட்ட, இந்த லைப்ரரிக்கு ஏதாவது நிதி கொடுக்கலாமான்னு கேட்டுப் பார்த்தேன். பட்ஜெட்ல அப்படி ஒரு தலைப்பே இல்லையாம். ஸ்கேனர் சந்தாவுக்கு மட்டும் வருஷா வருஷம் தலைப்பு இருக்குங்க.

டிஸ்கி: நானும் யோக்கியன் இல்லை. பத்து வருஷமா பைத்தான் வழியா இதைத்தான் தின்னுட்டு இருக்கேன். கொடுத்தது 0 ரூபாய், ஒரே ஒரு புகார் கடுதாசி. அதுலயும் "அவசரம்"னு போட்டிருந்தேன்.