"வட்டாரம்" என்னும் அசரீரி

சென்ற வாரம் ஒரு கூட்டம் முடிந்து வெளியே வரும்போது தோழர் ஒருவர் நம்மைப் பிடித்துக் கொண்டார். "சாமியாடி சொல்லுவதை நம்பாதே, சாஸ்திரம் சொல்லுவதை நம்பாதே என்கின்றீர்கள். சரி, பத்திரிகையில் வந்ததைக்கூடவா நம்பக்கூடாது?" என்று கேட்டார். எந்தச் சேதி என்று கேட்டோம். ஒரு அரசியல்வாதியின் மீது நடக்கும் விசாரணையைப் பற்றிய சேதியை எடுத்துக் காட்டினார். வாங்கி முழுவதும் படித்தோம். "நம்பத்தகுந்த வட்டாரங்கள்", "விஷயமறிந்தவர்கள்", "பெயர் கூற விரும்பாத உயர் அதிகாரி" ஆகிய மூவரும் அதில் மாறி மாறிப் பேசியிருந்தார்கள். யாரைப் பற்றிப் பேசினார்களோ அந்த ஒரு மனிதனுடைய பெயரைத் தவிர வேறு எவருடைய பெயரும் அதில் இல்லை.

புராணத்தில் ஆகாயத்திலிருந்து ஒரு குரல் கேட்டது என்று எழுதியிருந்தால், பேசியது யார், கேட்டது யார், எழுதியது யார் என்று நாம் கேட்கின்றோம். அதே கேள்வியைப் பத்திரிகையைப் பார்த்துக் கேட்டால் மாத்திரம் ஏன் கோபம் வரவேண்டும்? வட்டாரம் நம்பத்தகுந்தது என்று சொல்லுவது யார்? பத்திரிகை. பத்திரிகை சொல்லுவதற்கு ருஜு என்ன? வட்டாரம். இதற்குப் பேர் ருஜுவா என்று கேட்கின்றோம்.

நம் நாட்டுச் சேதி ஒன்றை உதாரணம் காட்டினால் வாசகர்களுக்கு உடனே கட்சிக் கண் திறந்துவிடும். ஆகையால் அமெரிக்காவையே எடுத்துக் கொள்ளுவோம். அங்கு பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் அதிகம் என்பதோடு, தவறு செய்த பத்திரிகைகள் அதை எழுத்தில் ஒப்புக்கொண்ட தஸ்தாவேஜும் ஏராளமாக இருக்கின்றது.

இரகசிய வட்டாரத்திற்காக வாதாடுகின்றவர்கள் முதலில் எடுத்து வீசுவது வாட்டர்கேட் சங்கதியாகும். 1972 ஜூன் 17ந் தேதி எதிர்க்கட்சியின் ஆபீசுக்குள் புகுந்தவர்கள் பிடிபட்டார்கள். அதிலிருந்து தொடங்கிய விசாரணை 1974 ஆகஸ்டில் பிரசிடெண்டு நிக்சனை நாற்காலியை விட்டு இறக்கிற்று. "வாஷிங்டன் போஸ்ட்" நிருபர்களான உட்வர்டுக்கும் பெர்ன்ஸ்டீனுக்கும் இருட்டில் நின்று சேதி சொன்னவர், எப்.பி.ஐ. என்னும் துப்பறியும் இலாகாவின் இரண்டாவது அதிகாரியாயிருந்த மார்க் பெல்ட் என்பது 2005-ல்தான் உலகத்திற்குத் தெரிந்தது. தலைமை உத்தியோகம் தமக்குக் கிடைக்காமல் வெளியாள் ஒருவருக்குப் போய்விட்ட மனத்தாங்கலும் அவருக்கு உண்டு என்பதை அவர்கள் அவ்வளவு உரத்துச் சொல்லுவதில்லை. இருக்கட்டும். மனத்தாங்கல்காரன் உண்மை பேசக்கூடாது என்று சட்டமில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்நிருபர்கள் பெல்ட் சொன்னார் என்பதற்காகவே எழுதிவிடவில்லை. வேறிடத்தில் கிடைத்ததைச் சரிபார்க்கவே பெரும்பாலும் அவரிடம் போனார்கள். தேர்தல் நிதிக்கு வந்த 25,000 டாலர் செக்கு, ஆபீசுக்குள் புகுந்தவர்களில் ஒருவனுடைய பாங்கிக் கணக்கில் விழுந்திருந்ததை 1972 ஆகஸ்டு 1ந் தேதி வெளியிட்டார்கள். செக்கு என்பது கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய வஸ்து. அதுதான் ருஜு.

அதே பத்திரிகை அதே வருஷம் அக்டோபர் 25ந் தேதி சறுக்கி விழுந்த கதையையும் சொல்ல வேண்டும். நிக்சனின் வலது கையாகிய ஹால்டிமேனுக்கு இரகசிய நிதியின் மேல் அதிகாரம் இருந்ததென்று நிதிப் பொக்கிஷதாரர் ஸ்லோன், கிராண்டு ஜூரி முன் சாட்சி சொன்னதாக எழுதினார்கள். கிராண்டு ஜூரி என்பது, ஒருவன் மேல் வழக்குத் தொடரலாமா என்று மூடிய கதவுக்குள் விசாரித்துத் தீர்மானிக்கும் குடிமக்கள் சபை. ஸ்லோன் அங்கு அப்படிச் சொல்லவேயில்லை. அவரை யாரும் அதைக் கேட்கவில்லை! இதை எப்படிச் சரிபார்த்தார்கள் தெரியுமா? ஒரு சர்க்கார் வக்கீலிடம் டெலிபோனில், "பத்து எண்ணுகின்றோம், சேதி தப்பாயிருந்தால் அதற்குள் டெலிபோனை வைத்துவிடும்" என்ற ஏற்பாடு செய்தார்களாம். அவர் வைக்கவில்லை. ஏற்பாட்டையே அவர் தப்பாய்ப் புரிந்துகொண்டார் என்பது பின்னால் தெரிந்தது. இதை அந்நிருபர்களே தங்கள் புஸ்தகத்தில் எழுதி வைத்திருக்கின்றார்கள். கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஹால்டிமேன் விஷயம் மெய்யென்று பிற்பாடு ருஜுவாயிற்று என்றாலும், அந்த ஒரு பொய் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நிக்சன் கூட்டத்தார் மெய்யான சேதிகளையெல்லாம் பொய்யென்று தூற்றினார்கள். மெய்யைக் கொல்ல எதிரிக்கு ஆயுதம் கொடுத்தவர்கள் மெய்யைத் தேடினவர்களே.

"அப்படியானால் பெயரில்லாத சேதிகளை எல்லாம் தள்ளிவிடலாமா?" என்று கேட்கலாம். அது அதிகாரத்திலிருப்பவர்கள் ஆசைப்படுகின்ற காரியம். வாய் திறந்தால் வேலை போகும் என்கின்ற நிலையிலுள்ள ஒரு சிறு உத்தியோகஸ்தன், மேலதிகாரியின் திருட்டைச் சொல்லப் பெயரை மறைத்துத்தான் ஆகவேண்டும். 2017 பிப்ரவரி 9ந் தேதி இதே "வாஷிங்டன் போஸ்ட்", பிரசிடெண்டு டிரம்பின் ஆலோசகர் பிளின், பதவிக்கு வருமுன்பே ருஷியத் தூதரோடு தண்டனைத் தடைகளைப் பற்றிப் பேசினார் என்று எழுதிற்று. அது நடக்கவேயில்லை என்று அதற்கு முன் சாதித்திருந்தார்கள். பத்திரிகை ஒன்பது அதிகாரிகளைக் கேட்டு எழுதிற்று. ஒருவர் பெயரும் இல்லை. நான்கு நாளில் பிளின் ராஜினாமாச் செய்தார். 2020-ல் அந்தப் பேச்சின் எழுத்துப் பிரதியே வெளிவந்து, சேதி மெய்யென்று காட்டிற்று. ஆகவே நமது சண்டை பெயரை மறைப்பதோடு அல்ல. பெயரை மறைத்துவிட்டு ருஜுவையும் மறைத்துவிடுவதோடுதான்.

ருஜு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அதே 2017 டிசம்பர் 8ந் தேதி சி.என்.என். காட்டிற்று. அமெரிக்க விசாரணைகளில் ருஷியாவோடு சேர்த்துப் பேசப்பட்ட விக்கிலீக்ஸ் ஸ்தாபனத்தின் தஸ்தாவேஜுகளைத் திறக்கும் வழியைக் கொடுத்து, டிரம்பின் மகனுக்கு 2016 செப்டம்பர் 4ந் தேதியே ஒரு மின்னஞ்சல் வந்தது என்பது சேதி. ஊருக்குத் தெரியுமுன் இவருக்கு மாத்திரம் இரகசியம் வந்தது என்பது அதன் பொருள். உண்மையில் கடிதத்தின் தேதி செப்டம்பர் 14. அந்தத் தஸ்தாவேஜுகளோ முந்திய நாளே உலகத்துக்கெல்லாம் விரித்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு "1" விழுந்து போனதால் ஒரு சதி பிறந்துவிட்டது! சேதி எழுதினவர்கள் கடிதத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. இரண்டு பேர் சொன்னார்கள், எழுதினார்கள். வேறு இரண்டு பெரிய ஸ்தாபனங்கள் தாங்களும் விசாரித்து உறுதிப்படுத்தியதாக முழங்கின. கடிதத்தின் நகல் வெளிவந்ததும் எல்லோரும் திருத்தம் போட்டார்கள். இரண்டு பேர் சொன்னால் சாட்சி, நான்கு பேர் சொன்னால் வேதம் என்கிறவர்களுக்கு இது ஒரு பாடமாகாதா? ஒரே தவறான காகிதக் குறிப்பைப் பார்த்துவிட்டு நாற்பது பேர் சொன்னாலும் அது ஒரு சாட்சிதானே?

இதைவிட அதிசயமான ஒரு சுழற்சியும் உண்டு. ஸ்டீல் என்ற முன்னாள் பிரிட்டிஷ் ஒற்றர், டிரம்பின் எதிர்க்கட்சியாரின் பணத்தில் விசாரித்து, டிரம்பின் ஆட்களைப் பற்றி எப்.பி.ஐ.க்குச் சேதி கொடுத்தார். அதையே பத்திரிகை நிருபரிடமும் சொன்னார். 2016 செப்டம்பர் 23ந் தேதி "யாஹூ நியூஸ்" அதைப் பெயர் போடாமல் வெளியிட்டது. அடுத்த மாதம் எப்.பி.ஐ. இலாகா, கார்ட்டர் பேஜ் என்பவரை ஒட்டுக்கேட்க உத்தரவு வேண்டி ஒரு இரகசிய நீதிமன்றத்திற்கு மனுப் போட்டது. அந்த மனுவில் ஸ்டீல் சொன்னதும் இருந்தது, பத்திரிகைச் சேதியும் இருந்தது. பத்திரிகைக்கு நேரில் சொன்னவர் ஸ்டீல் அல்லவென்று தாங்கள் கருதுவதாகவும் இலாகா எழுதிற்று. ஒரு வாய் பேசியதை நீதிபதி இரண்டு காதில் கேட்டார். 2019 டிசம்பரில் சர்க்காரின் சொந்தத் தணிக்கை அதிகாரியே இந்த மனுக்களில் 17 பெரிய தவறுகளையும் விடுதல்களையும் எடுத்துக் காட்டினார். பேஜ் மீது எந்தக் குற்றச்சாட்டும் கொண்டுவரப்படவில்லை. டிரம்பிடத்தில் நமக்கு எவ்விதக் காதலும் இல்லை. ருஷியா அந்தத் தேர்தலில் தலையிட்டது என்பதும் 2019-ல் வெளிவந்த முல்லர் அறிக்கையில் திட்டமாய்க் கூறப்பட்டிருக்கின்றது. ஆனால் ஒருவனை நமக்குப் பிடிக்காது என்பதால் அவன் ஆட்களைப் பற்றிய ருஜு குறைந்த விலைக்கு வந்துவிடாது.

நிற்க. மேலே சொன்னவர்கள் அனேகமாகப் பணமும் வக்கீலும் உடையவர்கள். இரண்டும் குறைந்த ஒருவனுடைய கதி என்ன?

வென் ஹோ லீ என்பவர் தைவானில் பிறந்து, லாஸ் அலமோஸ் அணுகுண்டு ஆராய்ச்சி சாலையில் வேலை பார்த்த விஞ்ஞானி. பிரசிடெண்டு கிளிண்டன் சைனாவிடம் தளர்ச்சியாய் இருக்கின்றார் என்று எதிர்க்கட்சி கூச்சல் போட்டுக் கொண்டிருந்த காலம். 1999 மார்ச்சு 6ந் தேதி "நியூயார்க் டைம்ஸ்", சர்க்கார் அதிகாரிகள் சொன்னதாக, அணுகுண்டு இரகசியம் சைனாவிற்குத் திருட்டுப் போய்விட்டதென்றும், சந்தேகப்படுகிறவர் சைன வம்சத்தைச் சேர்ந்த விஞ்ஞானி என்றும் எழுதிற்று. இரண்டு நாளில் அவர் வேலை போயிற்று. பெயரும் வெளியே கசிந்தது. டிசம்பரில் 59 குற்றங்கள் சாட்டிக் கைது செய்தார்கள். சைனாவிற்கு இரகசியத்தைக் கொடுத்தார் என்பது அந்த 59-ல் இல்லை! ஜாமீன் கிடையாது. தனிக் கொட்டடியில் 278 நாள். 2000 செப்டம்பர் 13ந் தேதி, கோப்புகளை முறைகேடாக எடுத்து வைத்திருந்தார் என்ற ஒரே குற்றத்தை அவர் ஒப்புக்கொள்ள, மற்ற 58-ஐயும் சர்க்கார் கைவிட்டது. விடுதலை செய்த நீதிபதி பார்க்கர், அவரைச் சிறையில் வைத்த விதத்திற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கொண்டார். பத்திரிகையோ அதே மாதம் 26ந் தேதி, தன் வேலை மொத்தத்தில் பெருமைப்படத்தக்கது என்றும், சில இடங்களில் வேறு விதமாய்ச் செய்திருக்கலாம் என்றும் ஒரு குறிப்பு எழுதிற்று.

தம் பெயரைக் கசியவிட்டவர் யார் என்று லீ சர்க்கார் மேல் வழக்குத் தொடர்ந்தார். நிருபர்களைக் கேட்டார்கள். அவர்கள் வாய் திறக்கவில்லை. தினம் 500 டாலர் அபராதம் என்றும் நீதிமன்றம் சொல்லிற்று. அப்பொழுதும் திறக்கவில்லை. கடைசியில் 2006-ல் சர்க்காரும் ஐந்து பெரிய செய்தி ஸ்தாபனங்களும் சேர்ந்து 16 இலட்சத்து 45 ஆயிரம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக் கொண்டார்கள். ஸ்தாபனங்களின் பங்கு 7 இலட்சத்து 50 ஆயிரம். அவ்வளவும் அந்த வட்டாரத்தின் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்காக!

இங்கே பத்திரிகை காப்பாற்றியது யாரை? மேலதிகாரியின் திருட்டைச் சொன்ன சிறு உத்தியோகஸ்தனையா? இல்லை. சர்க்காரின் வசத்திலிருந்த ஒரு குடிமகனின் பெயரைச் சர்க்கார் ரிக்கார்டிலிருந்து எடுத்து வெளியே எறிந்த கையையல்லவா?

நம்மிடம் சேதியைக் காட்டிய தோழர் இவ்வளவையும் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "அப்படியானால் பத்திரிகைக்காரன் என்ன செய்யவேண்டும் என்கின்றீர்கள்?" என்றார். பெயர் போடாவிட்டாலும், சொன்னவன் எந்தப் பக்கத்து ஆள், இதைச் சொல்லுவதால் அவனுக்கு என்ன லாபம், அவன் கண்ணால் பார்த்தானா காதால் கேட்டானா என்பதைப் போடட்டும். காகிதம் உண்டு என்றால் தான் அதைப் பார்த்ததா இல்லையா என்று எழுதட்டும். முதற் பக்கத்தில் போட்ட பொய்யை முதற் பக்கத்திலேயே திருத்தட்டும். இதில் எது முடியாத காரியம்? அவர் கையிலிருந்த சேதியில் இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னோம். விளக்கடியில் நின்று மறுபடியும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.