வருஷத்திற்குப் பெயர் வைத்தது யார்?

தமிழ் வருஷம் அறுபதுக்கும் பெயர் வந்த கதையைப் பஞ்சாங்கக்காரர்கள் நாலுபேர் நடுவில் சொல்லக் கூசுவார்கள். நாரதர் பெண்ணாகிக் கிருஷ்ணனுக்கு அறுபது பிள்ளை பெற்றாராம். அவற்றின் பெயர்களே பிரபவ முதல் அக்ஷய வரையிலாம். ஆபாசம் ஒருபுறமிருக்கட்டும், காரியத்திற்காவது உதவுகிறதா? தாது வருஷம் என்றால் ஜனங்கள் பஞ்சத்தில் மடிந்த 1876-ஆ, 1936-ஆ, 1996-ஆ? செக்குமாடு போல் சுற்றுகிற கணக்கில் சரித்திரம் எங்கே நிற்கும்?

அமெரிக்காவில் சூ என்னும் பூர்வகுடிகளை வெள்ளைக்காரர்கள் காட்டுமிராண்டிகள் என்றார்கள். எழுத்தில்லாத அந்த ஜனங்கள், முதல் பனி விழுவதிலிருந்து மறு பனி வரை ஒரு வருஷமென வைத்து, அதில் எல்லோர் மனதிலும் நிற்கும் ஒரு சம்பவத்தைப் பெரியவர்கள் கூடித் தேர்ந்து, காட்டெருமைத் தோலில் படமாகத் தீட்டினார்கள். அதுவே அவ்வருஷத்தின் பெயர். லோன் டாக் என்பவரின் தோலில் 1800 முதல் 1871 வரை இருக்கிறது. அம்மை கண்ட வருஷத்திற்கு உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளியிட்ட மனிதன், மாரியாத்தாள் அல்ல! 1833 நவம்பரில் எரிநட்சத்திரங்கள் கொட்டியதைப் பல கூட்டத்தாரும் வரைந்திருப்பதால், ஒரு கணக்கை மற்றொன்றோடு ஒத்துப்பார்க்கவும் முடிந்தது.

கல்லிலேயே எழுதத் தெரிந்த நம் தஞ்சாவூரின் யோக்கியதை என்ன? பெரிய கோயில் சுவரில் யார் என்ன பொன் கொடுத்தான், என்ன நகை, எத்தனை விளக்கு என்பதெல்லாம் உண்டு. கோயிலுக்கு நெல்லளந்த கிராமங்களின் கணக்கில் பறைச்சேரியும் வருகிறது. எப்படி? குளம், வாய்க்கால், சுடுகாடு இவைகளோடு வரி கழித்த நிலமாக! அங்கே குடியிருந்து உழுதவனுக்குப் பெயரில்லை.

ஆனால் அந்தச் சேரிக் கிழவிகள் பஞ்சாங்கத்தைக் கேட்டா பிள்ளைகளின் வயதைச் சொன்னார்கள்? பெருவெள்ளம் வந்த வருஷம் (1924), மேட்டூர் அணை திறந்த வருஷம் (1934), புயலடித்த வருஷம் (1952) என்றல்லவா சொல்லிவந்தார்கள்! சூ ஜனங்களின் கணக்கும் இதுதான். தோலில் ஏறாதது ஒன்றே குறை.

1968 டிசம்பர் 25-ந் தேதி, அன்றைய தஞ்சை ஜில்லா கீழ்வெண்மணியில், நெல் கூலி கூடக் கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மிராசுதாரர்களைச் சென்னை ஹைக்கோர்ட்டு 1973-ல் விடுதலை செய்தது. பஞ்சாங்கத்திற்கோ அது வெறும் கீலக வருஷம். 2028-ல் அதே பெயர் மறுபடி வரும். சோதிடர்கள் பலன் எழுதுவார்கள்.

அதற்குள் ஒவ்வொரு சேரியிலும் மிஞ்சியிருக்கிற பெரியவர்களிடம் வாலிபத் தோழர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காரட்டும். வருஷத்திற்கு ஒரு வரி போதும்.