தலைக்கனம் வந்தது எப்போது?

"புகழ் வந்தது, நடிகருக்குத் தலைக்கனமும் வந்துவிட்டது!" இப்படித்தான் பலரும் பேசுகிறார்கள். புகழ் மீது இது வீண் பழி!

அமெரிக்காவில் மார்க் யங், ட்ரூ பின்ஸ்கி என்ற இருவர், புகழ் பெற்ற 200 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துச் சோதித்தார்கள். 2006-ல் முடிவு வெளிவந்தது. "நானே பெரியவன்" என்ற நினைப்பு அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம்தான். ஆனால், புதிதாக வந்தவருக்கும் பல ஆண்டு இருந்தவருக்கும் அதில் வித்தியாசம் காணவில்லை! அப்படியானால், தொழிலுக்கு வரும்போதே கூட வந்த குணம் அது என்றே நினைக்க வேண்டியிருக்கிறது. பிள்ளையைச் சினிமா கெடுத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள், வீட்டிலேயே அவனைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

சரி, நடிகருக்குத்தான் முதலிடமா? இல்லை. தங்கள் சொந்த வாழ்க்கையையே காட்டும் டெலிவிஷன் நிகழ்ச்சிக்காரர்களுக்கு முதலிடம்! அடுத்து நகைச்சுவைக்காரர்கள். பிறகுதான் நடிகர்கள். கடைசி இடம் இசைக் கலைஞர்களுக்கு. சுருதி தப்பினால் காது சொல்லிவிடும். அங்கே 'நான்' செல்லாது போலும்!